கழற்றி எறியாதே

அன்புள்ள மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். காரின் முன்பக்கத்தில் அடியில் ஏதோ தொங்கி உரசுகிறது, மெக்கானிக் அதைக் கழற்றி எறிந்துவிடலாம் என்கிறார் என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்புதான் அது. ஓரத்தில் கிளிப் உடைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கழற்றி எறியாதே. சேறும் தண்ணீரும் பொடிக்கல்லும் பெல்ட் மீதும் ஒயர்கள் மீதும் தெறிக்காமல் தடுப்பது அதுதான். பல கார்களில் என்ஜினைக் குளிர்விக்கும் காற்றுக்கு வழிகாட்டுவதும் அதன் வேலை. புதுக் கிளிப் போட்டு மாட்டச் சொல். கழற்றச் சொல்பவருக்கு அடுத்த முறை ஆயில் மாற்றும்போது வேலை மிச்சம். உனக்கு என்ன லாபம்?

ஆனால் லாரியிலிருந்து விழுந்த இரும்புத் துண்டையோ பெரிய கல்லையோ அந்தப் பிளாஸ்டிக் தாங்காது. என்ஜினுக்கு அடியில் உலோகத் தகடு போடலாமா என்று கேட்டிருந்தாய். நீ போகும் சாலையை நினைத்தால் போடுவது நல்லது என்றுதான் எனக்கும் படுகிறது. காரணம் ஆயில் சேம்பர், அதாவது என்ஜின் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டி. என்ஜினின் ஆகத் தாழ்ந்த பாகங்களில் அதுவும் ஒன்று. வார்ப்பு அலுமினியமாக இருந்தால் அடிபட்டதும் விரிசல் விட்டு ஒழுகும். இரும்புத் தகட்டால் ஆனதென்றால் ஒழுகாமல் உள்பக்கமாக ஒடுங்கும். பலர் கவனிக்காத ஆபத்து இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாய் சேம்பரின் தரையிலிருந்து சில மில்லிமீட்டர் உயரத்தில்தான் நிற்கும். ஒடுங்கிய தகடு அந்த வாயை அடைத்துவிட்டால், ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தாமலே என்ஜின் ஆயிலின்றித் தவிக்கும்.

ஆகவே அடிபட்ட பிறகு எண்ணெய்க் குவளை வடிவச் சிவப்பு விளக்கு எரிந்தால், பத்திரமாக ஓரம் கட்டி உடனே என்ஜினை அணைத்துவிடு. பக்கத்துப் பட்டறை வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதே. இழுவை வண்டிக்கு ஆகும் செலவு, என்ஜினைப் பிரித்து வேலை செய்யும் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

தகடு வாங்கும்போது உன் கார் மாடலுக்கென்றே செய்ததாகப் பார். இரும்பு வலுவானது, ஆனால் கனம் அதிகம், துருவும் பிடிக்கும். அலுமினியம் கனம் குறைவு. அதே வலுவுக்குத் தடிமன் கூடுதலாக வேண்டும். எதுவானாலும் வண்டியின் அடிச்சட்டத்தில்தான் (ஃபிரேம்) போல்ட் போட்டு இறுக்க வேண்டும். தகட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே இடைவெளி கட்டாயம். ஒட்டியிருந்தால் தகடு வாங்கும் அடி அப்படியே சேம்பருக்குப் போய்ச் சேரும். வெப்பம் வெளியேறவும் தண்ணீர் வடியவும் துளைகள் இருக்கட்டும். உள்ளே சேரும் சருகுகளை அவ்வப்போது அகற்று. ஆயில் ஊறிய சருகு சூடான சைலன்சர் பக்கம் இருப்பது நல்லதல்ல. மின்சாரக் கார் வைத்திருக்கும் உன் தோழிக்கும் ஒரு வார்த்தை சொல்: அடியில் பலமாக அடிபட்டால், வண்டி ஓடுகிறதே என்று விட்டுவிடாமல் வண்டியின் அடிப்பகுதியில் இருக்கும் பேட்டரியைச் சோதிக்கச் சொல்.

துருத் தடுப்புப் பூச்சு பற்றியும் கேட்டிருந்தாய். அது பொடிக்கல்லுக்கும் ஈரத்துக்கும் உதவும், பெரிய அடிக்கு உதவாது. ஏற்கெனவே துருப்பிடித்த இடத்தின்மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்தது போலாகும். சைலன்சர், பிரேக், வடிகால் துளைகள் மீது படவே கூடாது.

தகடு போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் ஓட்டாதே. முன்னால் போகும் லாரியை ஒட்டிப் போனால் சாலையில் கிடப்பது கடைசி நொடியில்தான் தெரியும். சக்கரங்களுக்கு நடுவே விட்டுவிடலாம் என்று நினைக்கும் பொருள்தான் அடிவயிற்றில் இடிக்கும். வேகத்தடைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஏறும்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடு. பிரேக் பிடித்தபடி ஏறினால் மூக்கு தாழும். ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் வண்டி இன்னும் இறங்கும் என்பதையும் மறக்காதே.

சந்தேகம் வந்தால் இரவில் என்ஜினுக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வை. ஏசியிலிருந்து சொட்டும் வெறும் தண்ணீருக்குப் பயப்படாதே. நிறமோ பிசுபிசுப்போ இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதே.

அன்புடன்,
அப்பா

பி.கு.: தகடு மாட்டிச் சில நாள் ஓடியதும் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல். கடகடவென்று சத்தம் வந்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.