'சொந்தக் கருத்து' என்ற ஒரு வரி போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இரவுகளில் ஒரு தனியார் தொலைக்காட்சியில் வரும் நேர்காணல் நிகழ்ச்சியில், ஊரறிந்த மேடைப் பேச்சாளர் ஒருவர், தொழுநோய் என்பது முற்பிறவிப் பாவத்தின் பலன் என்றும், அதற்கு மருந்தே கிடையாது என்றும், வந்தவரை ஒதுக்கி வைப்பதே குடும்பத்துக்கு நல்லது என்றும் சில வாரங்களுக்கு முன் பேசினார். நெறியாளர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். 'கருத்துகள் விருந்தினரின் சொந்தக் கருத்துகளே' என்ற வரி மட்டும் திரையின் அடியில் ஓடி மறைந்தது.

வட ஆற்காட்டுக் கிராமங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழுநோய் தடுப்புப் பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். நாட்டிலேயே இந்நோய் மிகுந்திருந்த மாவட்டங்களுள் ஒன்றாக ஒரு காலத்தில் எங்கள் மாவட்டம் இருந்தது. மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்கச் செய்யலாம் என்று 1940-களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் செய்து காட்டியதும் இதே வேலூரில்தான். கூட்டு மருந்து சிகிச்சை வந்தபின், நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ ஓராண்டோ மாத்திரை சாப்பிட்டால் நோய் குணமாகிவிடுகிறது. மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இந்நோயைக் காட்டி மணமுறிவு கேட்க இடமளித்த சட்டப் பிரிவுகளை நாடாளுமன்றமே 2019-இல் நீக்கிவிட்டது.

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில், முழங்கையில் உணர்ச்சியற்ற ஒரே ஒரு தேமலோடு இருந்த இளம்பெண்ணிடம் பலமுறை பேசிச் சிகிச்சைக்குச் சம்மதிக்க வைத்திருந்தேன். நான்காவது மாத மாத்திரை அட்டை முடியும் தறுவாயில் அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அடுத்த வாரம் போனபோது, அந்தப் பெண்ணின் தட்டும் டம்ளரும் திண்ணை ஓரத்தில் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. "அவ்ளோ பெரிய மனுசன் டிவியிலயே சொல்றாரு, நீ என்னாத்துக்கு சார் இன்னும் மாத்திரைன்ற?" என்று அவளுடைய மாமியார் கேட்டார். அவர் கெட்டவர் அல்லர். வீட்டில் இருக்கும் இரண்டு பேரக்குழந்தைகளை நினைத்து அஞ்சியவர். அந்த அச்சத்தைப் போக்க எனக்கு ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர அந்தப் பேச்சாளருக்குச் சில நிமிடங்களே போதுமாயிருந்தன.

பேச்சுரிமையை நான் மறுக்கவில்லை. அரசியல், இலக்கியம், சாதி, சமயம் என எதைப் பற்றியும் பிரபலமானவர்கள் தம் கருத்தைச் சொல்லட்டும். பிடிக்காதவர்கள் எதிர்த்துப் பேசட்டும். ஆனால் நோய் குணமாகுமா ஆகாதா என்பது கருத்து அன்று. பதிவு செய்து, வெட்டித் தொகுத்து, விளம்பர இடைவேளைக்கு இடம் பார்த்து ஒளிபரப்பும் நிகழ்ச்சியில், கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டுச் சரிபார்க்கவா நேரமில்லாமல் போயிற்று?

அரைகுறை உண்மைகளையும் மூடநம்பிக்கையை ஊக்குவிப்பவற்றையும் ஒளிபரப்பக் கூடாது என்று கேபிள் தொலைக்காட்சி விதிகள் 1994 முதலே சொல்கின்றன. 2021-இல் செய்த திருத்தத்தின்படி, பார்வையாளரின் புகாருக்கு நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நான் அனுப்பிய புகாருக்கு ஒரு மாதமாகியும் ஒப்புகைகூட வரவில்லை. இப்படியொரு வழி இருப்பதே எங்கள் பகுதியில் பலருக்குத் தெரியாது. புகார் முகவரியை ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் படிக்கும் அளவு எழுத்தில் காட்டினால் என்ன?

தங்கள் நாளிதழில் பிழை நேர்ந்தால் திருத்தம் வெளியிடுகிறீர்கள். தொலைக்காட்சியும் அதைச் செய்ய வேண்டும். அதுவும் நள்ளிரவிலோ இணையதளத்தின் ஒரு மூலையிலோ அன்று. அதே ஞாயிற்றுக்கிழமை, அதே நேரம், அதே நெறியாளர் ஒரு தொழுநோய் மருத்துவரை எதிரில் அமர வைத்துப் பேச வேண்டும். அந்த மாமியார் பார்ப்பது அந்த நிகழ்ச்சியைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழுநோய் தடுப்புப் பணியாளர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.