கேமரா கட்டப் போகிற கயலுக்கு

அன்புள்ள கயல்,

தாண்டிக்குடித் தோட்டத்துக்கு டிரெயில் கேமரா, அதுதான் விலங்கு வந்தால் தானே படமெடுக்கும் கேமரா, வாங்கியிருப்பதாக அம்மா சொன்னாள். விலையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. நல்ல படம் பாதிக்கு மேல் கட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் பகலில் காப்பிச் செடிகளுக்குள் நடந்து பார். குளம்புத் தடம், புழுக்கை, உதிர்ந்த முள்ளம்பன்றி முள், வேலிக்கு அடியில் பன்றி நுழைந்த சந்து என்று ஏதாவது தென்படும் தடத்தில் கட்டு. சில்வர் ஓக் வேண்டாம், காற்றில் ஆடும். தடித்த பலா மரம் தோது.

உள்ளே இருக்கும் சென்சார் சூடு நகர்வதைத்தான் உணரும். குறுக்கே போவதைச் சட்டென்று பிடிக்கும், நேரே வருவதைத் தாமதமாகவே பிடிக்கும். அதற்காகத் தடத்துக்குச் செங்குத்தாக வைத்தாலோ, வேகமாக ஓடும் கேளையாட்டின் (சின்ன மான் வகை) வால் மட்டும்தான் விழும். தடத்துக்கு 45 டிகிரி கோணத்தில் திருப்பி வை. தடத்திலிருந்து 3, 4 மீட்டர் தள்ளி, முழங்கால் உயரம் போதும். காட்டெருமை வரும் இடமென்றால் இடுப்பு உயரம், இன்னும் இரண்டு மீட்டர் பின்னால். சரிவு நிலத்தில் கேமராவின் முதுகுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு குச்சியைச் செருகினால் கோணம் சரியாகும்.

கிழக்கோ மேற்கோ பார்க்கக் கூடாது. காலை, மாலை வெயில் நேராக லென்சில் விழும். நூற்றுக்கணக்கில் வெற்றுப் படம் வந்தால் பெரும்பாலும் குற்றவாளி புல்தான். வெயிலில் சூடேறிக் காற்றில் அசையும் புல்லை விலங்கென்று சென்சார் நம்பிவிடும். முன்னால் இருப்பதை அரிவாளால் சுத்தமாக அறுத்துவிடு. இரவுப் படம் வெளுத்துப் போனால் லென்சுக்கு முன் சிலந்தி வலையோ பக்கத்து இலையோ இருக்கும்.

பேட்டரியில் பழசையும் புதுசையும் கலக்காதே. எட்டு அல்கலைன் சேர்ந்தால் 12 வோல்ட், ரீசார்ஜ் வகை 9.6தான். சில கேமராக்கள் அதையே பேட்டரி தீர்ந்ததாக எடுத்துக்கொண்டு இரவில் படமெடுப்பதை நிறுத்திவிடும். மெமரி கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய், கார்டின் ஓரத்துப் பூட்டுச் சுவிட்ச் திறந்திருக்கட்டும். தேதி, நேரம் சரிபார். சென்சார் ஒருமுறை அசைவை உணர்ந்தால் மூன்று படம் எடுக்கும்படி வை. டெஸ்ட் நிலையில் குனிந்து நடந்து பார்த்துவிட்டு, மறக்காமல் ஆன் நிலைக்குத் தள்ளு. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மூடியின் ரப்பர் வளையத்தில் மண் ஒட்டினால் பனி ஈரம் உள்ளே போகும், எறும்பும் குடியேறும். ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடு.

தீனி வைத்து விலங்கை வரவழைக்காதே, பன்றி பழகிவிட்டால் தோட்டம் மிஞ்சாது. வேலிக்கு அப்பால் காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கட்டக் கூடாது. வேலைக்கு வரும் பெண்கள் ஒதுங்கும் பக்கம் கேமரா திரும்பவே கூடாது, முன்கூட்டியே அவர்களிடம் இடத்தைச் சொல்லிவிடு.

கார்டு எடுக்க நண்பகலில் போ, துணைக்கு ஆள் கூட்டிக்கொள். அந்தியில் செடிக்குள் நிற்கும் காட்டெருமை கண்ணுக்குத் தெரியாது.

அன்புடன்,
அப்பா