ஆன்டாலஜி ஃபைல்ல கை வைக்கிறவங்க கவனத்துக்கு

மக்களே, நம்ம டேட்டால எது என்ன வகை, எதுக்கு எது உறவுன்னு எழுதி வெச்சிருக்கிற ஆன்டாலஜில நேத்து நைட்டு ரீசனர் (எழுதினது ஒண்ணோட ஒண்ணு மோதுதான்னு பார்க்கிற ப்ரோக்ராம்) ஓட்டினா முரண்பாடுன்னு சொல்லி நின்னுடுச்சு, தேடிப் பார்த்தா யாரோ வெண்டரும் கஸ்டமரும் டிஸ்ஜாயின்ட்னு, அதாவது ஒரே ஆள் ரெண்டுலயும் இருக்கக் கூடாதுன்னு, போட்டிருக்கீங்க, ஆனா நமக்கு காஸ்டிங் சப்ளை பண்றவரே நம்மகிட்ட பம்ப்செட்டும் வாங்குறாரே, அப்ப அவரு எதுல நிக்கிறது? அந்த வரிய எடுத்துட்டேன். கம்பெனி ஒரு க்ளாஸ் (வகை), வெண்டர் கஸ்டமர் எல்லாம் அது எடுத்துக்கிற ரோல், அப்படித்தான் வெச்சுக்கணும்.

"கஸ்டமர்" பஞ்சாயத்தும் இன்னும் முடியல. சேல்ஸ்ல கொட்டேஷன் கேட்டாலே கஸ்டமர், அக்கவுண்ட்ஸ்ல பில் போட்டாத்தான் கஸ்டமர். ரெண்டுக்கும் தனித்தனி பேர் வையுங்க, விளக்கம் ஒரு வரியாவது எழுதுங்க, நான் ஒவ்வொருத்தர் டேபிளா வந்து கேக்க முடியாதுப்பா.

அப்புறம் பழைய க்ளாஸ டெலீட் பண்ணாதீங்க, அதை நம்பி ஸ்பார்க்கிள் (SPARQL, டேட்டாவ கேட்டு எடுக்கிற மொழி) க்வெரி ஓடுது, டெப்ரிகேட்டட்னு (இனிமே யூஸ் பண்ண வேணாம்னு) மார்க் பண்ணிட்டு புதுசு எதுன்னு கமென்ட்ல போடுங்க. இம்பெல்லர், இம்பல்லர்னு ஸ்பெல்லிங் மாறினதுக்கெல்லாம் புது க்ளாஸ் வேணாம், ஸ்காஸ்ல (SKOS, சொற்பட்டியல ஒழுங்கா எழுதுற முறை) மாத்துப் பேர் போட ஆல்ட்லேபிள் இருக்கு, 2009லேர்ந்தே வெப் ஸ்டாண்டர்ட் போடுற டபிள்யூ3சியோட ஸ்டாண்டர்ட் அது.

எது மாத்தினாலும் ப்ரொடெஜேல (ஆன்டாலஜி எடிட் பண்ற சாஃப்ட்வேர்) ரீசனர ஒரு தடவ ஓட்டிட்டு அப்லோட் பண்ணுங்க ப்ளீஸ்.