சின்னண்ணாவுக்கு, அந்தப் பூனையைப் பற்றி

சின்னண்ணா,

ரொறன்ரோ போய்ச் சேர்ந்து நீங்கள் போட்ட செய்திக்கு நான் பதில் எழுதவில்லை என்று கோபிக்க வேண்டாம். அம்மாவின் ஆட்டைத் திவசத்துக்கு வந்த சனம் இருக்கும்போது நான் அப்படிக் கதைத்திருக்கக் கூடாதுதான். ஆனால் பிள்ளையின் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கியது நீங்கள். அன்றைக்கு இன்னொரு விஷயமும் கதைத்தோம். அதை இங்கே எழுதப்போவதில்லை, பெரியம்மா வீட்டாரும் இதை வாசிப்பார்கள்.

பூனைக்கு வருகிறேன். "எங்கட டொம் அன்ட் ஜெரியைக் கெடுத்துப்போட்டாங்கள்" என்று கத்தினீர்கள். 2021இல் வந்த அந்தப் படம் எனக்கும் பெரிதாகப் பிடிக்கவில்லை. மனிதர்கள் நடித்து, நிறையக் கதைக்கிறார்கள். பூனையும் எலியும் நடுவில் இடம் கிடைக்காமல் ஓடுகின்றன. சரி. ஆனால் எங்களுடையது எது, அதை முதலில் சொல்லுங்கோ.

2003, வன்னியில் விசுவமடு. போர்நிறுத்தத்தோடு ஏ9 பாதை திறந்து சாமான்கள் வரத் தொடங்கியிருந்த காலம். கடைக்காரரின் முற்றத்தில் ஜெனறேற்றர் ஓடுகிறது. டொம் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு பியானோ வாசிக்கிற படம். வசனமே இல்லாதபடியால் அம்மாவுக்கும் எல்லாம் விளங்கியது. ஜெரி பியானோவுக்குள்ளே சுத்தியல்களின் மேல் ஓடித் திரிகிற நேரம் பார்த்து எண்ணெய் முடிந்தது. சனம் எழும்பத் தொடங்க, நீங்கள் ஒரு வாளியைக் கவிழ்த்துத் தட்டி, வாயாலேயே பியானோ வாசித்து, மிச்சப் படத்தை முடித்தீர்கள். டொம் எழும்பிக் கும்பிடுது, ஜெரியைத் தூக்கித் தோளில வைக்குது, எல்லாரும் கைதட்டுகினம். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பல வருடம் கழித்துத்தான் அதை முழுதாகப் பார்த்தேன். 1947இல் வந்தது, ஒஸ்கார் வாங்கியது. கடைசியில் டொம் வாசித்துக் களைத்துச் சுருண்டு விழுகிறான். ஜெரி தனியாக வெளிச்சத்தில் நின்று கைதட்டல் முழுவதையும் வாங்கிக்கொள்கிறான். தோளும் இல்லை, கும்பிடும் இல்லை. அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. உங்கள் முடிவைத்தான் அவர் கடைசி வரைக்கும் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல முடிவுதான் அண்ணா, உண்மையான முடிவைவிட நல்லது. ஆனால் முதன்முதலில் அந்தப் படத்தை மாற்றியது நீங்கள்.

இன்னொன்று. அதே சீடியில் சத்தமெல்லாம் குகைக்குள் கேட்பது போல இருந்த படங்கள் நினைவிருக்கிறதா? அவை டொம் அன்ட் ஜெரியை முதலில் உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் செய்தவை இல்லை. ஜீன் டைச் என்பவர் 1961, 62இல் ப்ராக் நகரிலிருந்து செய்த 13 படங்களில் சில. புருவம் தடித்த டொம் 1963க்குப் பிறகு சக் ஜோன்ஸ் செய்தது. பழையதை விரும்பியவர்கள் அப்போதே அவற்றைத் திட்டினார்கள். நீங்கள் மூன்று வகையையும் ஒரே மாதிரித்தான் வாய் பிளந்து பார்த்தீர்கள். நானும்தான்.

நீங்கள் 2006இல் போய்விட்டீர்கள். போகவேண்டியிருந்தது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று எல்லாரிடமும் சொல்வேன். அதன் பிறகு இங்கே நடந்தது இந்தக் கடிதத்துக்குள் வராது. நான் கிழமைக்கு ஐந்து நாள் அந்தச் சந்தியால்தான் வேலைக்குப் போகிறேன். கடை இல்லை, கடைக்காரரும் இல்லை. உங்களுக்கு அந்த முற்றம் இன்னும் அப்படியே இருக்கிறது, அங்கே இருந்துகொண்டு அதைப் பத்திரமாக வைத்திருக்க முடிகிறது. அதில் எனக்குப் பொறாமைகூட வரும். ஆனால் அதைக் காவல் காக்கிற வேலையை ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் போடாதேயுங்கோ.

ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது வாளி முடிவை அவளுக்குச் சொல்லுங்கோ. அம்மம்மா சொன்னது பாதிதான் ஞாபகமாம். தட்டியும் காட்டவேணும், இல்லாவிட்டால் நம்பமாட்டாள்.

அப்புறம், 'பழசு மட்டும்தான்' என்று நீங்கள் தந்துவிட்டுப் போன பென்டிரைவை அவள் பார்த்து முடித்துவிட்டாள். அந்தக் குகைச் சத்தப் படங்கள்தான் திறமாம். கோபம் வந்தால் எனக்கு எழுதுங்கோ, அவளிடம் காட்ட வேண்டாம்.

தங்கச்சி