ரேடியோ அலை சூடு ஆராய்ச்சிக்கு முடிஞ்சத கொடுங்க – கடலூர்ல இருந்து ஒரு வேண்டுகோள்

எல்லாருக்கும் வணக்கம். கேன்சர் கட்டியை ரேடியோ அலையால சூடு பண்ணி கதிர் சிகிச்சைக்கு துணையா ஆக்க முடியுமான்னு பாக்குற ஒரு சின்ன குழு நாங்க. காலைல மொத பஸ்ஸுக்கு மஞ்சக்குப்பத்துல நின்னு பாருங்க, ஸ்கேன் பைலை மஞ்சப்பைல வச்சுகிட்டு புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு போறவங்க யாராவது இருப்பாங்க, கேட்டா "கரண்ட் வைக்க போறோம்"னு சொல்வாங்க.

அந்த கரண்ட் வேற, நாங்க சொல்ற ரேடியோ அலை வேற. அது கேன்சர் செல்லோட டிஎன்ஏவையே உடைக்கிற கதிர், ரேடியோ அலைக்கு அந்த பலம்லாம் கிடையாது, சூடு பண்ணத்தான் தெரியும். ஆனா கட்டியை 40லேர்ந்து 43 டிகிரி வரைக்கும் ஒரு மணி நேரம் போல வச்சிருந்தா அங்க ரத்த ஓட்டம் கூடி ஆக்சிஜன் போகும், கதிர் இன்னும் நல்லா வேலை செய்யும், உடைஞ்ச டிஎன்ஏவை செல்லு சரி பண்ணிக்கவும் லேசுல முடியாது. நெதர்லாந்துல செஞ்சு 2000ல வெளிவந்த ஆய்வுல, கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு கதிர் மட்டும் வச்சவங்கள்ல 3 வருஷம் கழிச்சு உயிரோட இருந்தது 27 சதவீதம், சூடும் சேர்த்து கொடுத்தவங்கள்ல 51. பின்னாடி வந்த சில ஆய்வுல இவ்ளோ பலன் தெரியல, அதையும் சொல்லிடுறோம். கீமோவே வேணாம்னு வாட்ஸ்அப்ல சுத்துற மெஷின் கதையை மட்டும் நம்பாதீங்க.

எங்க குழுல ரிட்டயர்டு கப்பல் ரேடியோ ஆபரேட்டர் ஒருத்தர், டிவி மெக்கானிக் ரெண்டு பேர், இன்ஜினியரிங் பசங்க நாலு பேர், கேன்சர்ல இருந்து மீண்டு வந்த ஒரு அக்கா. கடல்பாசியை உப்பு போட்டு காய்ச்சி சதை மாதிரி கட்டியாக்கி அதுக்குள்ள 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையால சூடு ஏத்தி பாக்குறோம். மனுஷங்க மேல எதுவும் வைக்கல, வைக்கவும் மாட்டோம், அளவு சரியா வந்தா டாக்டருங்ககிட்ட கொண்டு போய் காட்டுவோம், அவ்ளோதான்.

எங்க மாட்டிகிட்டோம்னா, தெர்மாமீட்டர்ல. போன மாசம் 47 காட்டுச்சு, பதறிப்போய் ஆஃப் பண்ணா டக்குனு 38, அப்பதான் புரிஞ்சுது உள்ள விட்ட கம்பியே அலையை வாங்கிகிட்டு பொய் சொல்லுதுன்னு. இதுக்கு கண்ணாடி இழை தெர்மாமீட்டர்தான் வேணும், அதான் பெரிய செலவு. அலை வெளிய போகாம இருக்க செம்பு வலை கூண்டும் வேணும் (மீன் வலை ஓசில தர்றேன்னு ஒரு அண்ணன் சொல்றாரு, அது ஆகாதுண்ணே). மொத்தம் 6 லட்சம், கைல இருக்குறது 2 லட்சத்து 10 ஆயிரம்.

நூறு ரூபாயா இருந்தாலும் குழு ஆளுங்ககிட்ட நேர்ல கொடுங்க, ரசீது வாங்காம போகாதீங்க. வீட்டுல இப்ப ட்ரீட்மென்ட் ஓடிகிட்டு இருக்குறவங்க தயவுசெஞ்சு பணம் தராதீங்க, பஸ் செலவுக்கும் டெஸ்ட்டுக்கும் அது உங்களுக்கு வேணும், ஓடாத ரேடியோ செட்டு பரண்ல கிடந்தா அதை கொடுங்க போதும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்தா ஓட்டி காட்டுறோம், பேஸ்மேக்கர் வச்சவங்க மட்டும் மெஷின்கிட்ட வராதீங்க.