உன் யோசனையைத் தூக்கிவிட்டேன்

அன்புள்ள நண்பனுக்கு,

கெட்ட செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் சேர்ந்து செய்யும் விண்வெளி வியூக கேமில் மூன்று இனங்களும் மூன்று விதமாகப் பயணம் செய்யும் என்று நீ அன்றைக்கு நோட்டில் படம் போட்டாயே, அதை எடுத்துவிட்டேன். இனி எல்லாருக்கும் ஒரே வழிதான். விண்மீனுக்கு விண்மீன் கோடு போட்ட பாதை. கோடு இல்லாத இடத்துக்குக் கப்பல் போகாது. திட்டுவதாக இருந்தால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளி கேமில் இதே காரியத்தைச் செய்தபோது நாம் இரண்டு பேரும் எவ்வளவு குதித்தோம்! 2016 மே மாதம் அது வந்தபோது வார்ப் (எந்தத் திசையிலும் நேராகத் தாவுவது), வார்ம்ஹோல் (நிலையம் கட்டி அதிலிருந்து குறுக்கு வழி திறப்பது), ஹைப்பர்லேன் (கோடு போட்ட பாதை) மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். 2018 பிப்ரவரியில் 2.0 பதிப்பு வந்தது, தொடக்கத்திலிருந்தே எல்லாரையும் ஹைப்பர்லேனில் ஏற்றிவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியதில் பாதியைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று நீ ஒரு வாரம் புலம்பினாய். பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவன் நான்தான்.

நாமே செய்து பார்க்கும்போதுதான் அவர்கள் பட்ட பாடு புரிகிறது. போன மாதம் ஒரு சோதனை ஆட்டம் ஆடினேன். எல்லைக் கிரகத்தில் கோட்டை கட்டி, ஆறு கப்பல்களை நிறுத்தி, இருபது டர்ன் (ஆட்ட முறை) அதற்கே செலவழித்தேன். எதிரி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மேலே தாவி வந்து நேராகத் தலைநகரில் இறங்கிவிட்டான். தோற்றது பெரிதில்லை. வேறு எங்கே நிறுத்தியிருக்க வேண்டும் என்று யோசித்தால் பதிலே இல்லை, அதுதான் எரிச்சல். வீடு முழுக்க வாசலாக இருந்தால் பூட்டை எதில் மாட்டுவது?

பாதை போட்ட பிறகு அதே வரைபடத்தை மறுபடி ஆடினேன். நடுவில் ஒரு செத்த விண்மீன். கிரகம் கிடையாது, கனிமம் கிடையாது, ஒரு சல்லிக்குப் பிரயோஜனமில்லை. ஆனால் நான்கு கோடுகள் அங்கே வந்து சேர்கின்றன. அதற்காக இரண்டு பக்கமும் அறுபது டர்ன் அடித்துக்கொண்டோம்.

நீ உடனே ஸோர்ட் ஆஃப் தி ஸ்டார்ஸ் கேமைக் கொண்டுவருவாய், தெரியும். 2006-லேயே இனத்துக்கு ஒரு பயண முறை வைத்தார்கள். அதில் ஹைவர் என்ற இனத்தின் கப்பல்கள் ஆமை வேகத்தில் ஊர்ந்து போய் ஒரு வாயிலைக் கட்டும். கட்டி முடித்துவிட்டால் பெரும் படையே அடுத்த டர்னில் அங்கே நிற்கும். அருமையான யோசனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் மொத்த விளையாட்டையும் அதைச் சுற்றித்தான் கட்டினார்கள், கிரக நிர்வாகத்தைக் கைக்கு அடக்கமாகச் சுருக்கிக்கொண்டார்கள். நமக்கோ வணிகமும் வேண்டும், ராஜதந்திரமும் வேண்டும், உன் பயணமும் வேண்டும். எதையாவது விட்டாக வேண்டும்டா.

சரி, இப்போது நல்ல செய்தி. நீ இரண்டாவதாக ஒன்று சொல்லியிருந்தாயே, “சேதி கப்பல் வேகத்தில்தான் வர வேண்டும்” என்று, அது உயிர் பெற்றுவிட்டது. பாதை வந்ததால்தான் அதுவும் முடிந்தது. முன்பு எந்தச் சேதி எப்போது வந்து சேரும் என்று எனக்கே கணக்குப் பிடிபடவில்லை. இப்போது சேதி அதே கோடுகளில் ஓடுகிறது. ஐந்து கோடு தள்ளி இருந்தால் ஐந்து டர்ன் பழசு, அவ்வளவுதான். ஒவ்வொரு விண்மீனுக்குப் பக்கத்திலும் சின்னதாக ஓர் எண் போட்டிருக்கிறேன். நேற்று ராத்திரி தெற்கு மூலையில் ‘7’ என்று மங்கலாக ஒரு காலனி தெரிந்தது. அங்கே மூன்று கப்பல் பத்திரமாக நிற்பதாகப் படம் சொல்கிறது. ஏழு டர்னுக்கு முன் நின்றன. இப்போது? உதவிக்கு ஆள் அனுப்பலாமா, வேண்டாமா என்று பத்து நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேம் எழுத்தாளர் ஆலன் எம்ரிச் 1993-இல் மாஸ்டர் ஆஃப் ஓரியன் என்ற கேமைப் பற்றி எழுதும்போது இந்த வகைக்கு 4எக்ஸ் (தேடல், விரிவாக்கம், சுரண்டல், அழிப்பு; ஆங்கிலத்தில் நான்கிலும் ‘எக்ஸ்’ உண்டு) என்று பெயர் வைத்தாரே, அதில் முதல் எக்ஸான தேடல் எப்போதும் முதல் ஒரு மணி நேரத்தில் செத்துவிடும். இதில் கடைசி வரை சாகவில்லை.

ஒரு சிக்கல் உண்டு. ஏஐ-யும் பழைய சேதியை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும், இல்லையென்றால் அது ஏமாற்று வேலை. அதைச் சரியாகப் பூட்டிவிட்டேன் என்று நினைத்தால், பச்சை இனம் மட்டும் எல்லா ஆட்டத்திலும் ஜெயிக்கிறது. திருட்டுத்தனமாகப் பார்க்கிறதோ என்று இரண்டு ராத்திரி ஆட்டத்தின் பதிவேட்டைக் கிளறினேன். பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. எரிபொருள் சைபருக்குச் சமமானால் கப்பலை நிறுத்து என்று எழுதியிருக்கிறேன். மற்ற இனங்களின் டேங்க் எட்டு அலகு, பச்சைக்கு ஏழு. ஒரு தாவலுக்கு இரண்டு. ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று, அப்புறம் மைனஸ் ஒன்று! சைபரைத் தொடாமலே தாண்டிப் போய், அண்டம் முழுக்க ஓசியில் சுற்றியிருக்கிறார்கள். சமம் என்பதைக் குறைவு என்றும் சேர்த்து மாற்றியதோடு முடிந்தது. ஆனாலும் ஓர் ஆசை: பச்சை இனத்துக்கு மட்டும் எரிபொருள் தீர்ந்த பிறகும் மூன்று மடங்கு மெதுவாக மிதந்து போகும் திறமையைக் கொடுத்தால் என்ன? பயணத்தில் வித்தியாசம் வேண்டும் என்ற உன் கோரிக்கையில் பாதியாவது நிறைவேறும்.

கிரக நிர்வாகம்தான் இன்னும் இழுக்கிறது. மாஸ்டர் ஆஃப் ஓரியனில் ஒரு கிரகத்துக்கு ஐந்து நகர்த்திகள் (ஸ்லைடர்கள்): கப்பல், பாதுகாப்பு, தொழில், சூழல், ஆராய்ச்சி. இழுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஸ்டெல்லாரிஸோ கிரகத்தைக் கட்டங்களாகப் பிரிப்பதில் தொடங்கியது, 2018 டிசம்பரில் கட்டங்களுக்குப் பதில் மாவட்டமும் வேலையும் வந்தன, 2025 மே மாதம் 4.0-இல் மக்கள்தொகைக் கணக்கையே குழுக்களாக மாற்றினார்கள். அவர்களுக்கே இத்தனை தடவை பிரித்துக் கட்ட வேண்டியிருந்தால் நாம் எம்மாத்திரம்? டிஸ்டண்ட் வேர்ல்ட்ஸ் கேம் மாதிரி எல்லாவற்றையும் தானியங்கியிடம் விடலாம் என்கிறாய். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. இயந்திரத்திடம் கொடுத்தும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை என்றால், அந்த வேலை விளையாட்டில் எதற்கு? வெட்டிவிடலாம். பதினோரு கட்டடங்களில் நான்கை ஏற்கெனவே வெட்டிவிட்டேன். எவை என்று சொல்லமாட்டேன், நீயே ஆடிப் பார்த்துக் கண்டுபிடி.

நம் கேமின் புதிய பதிப்போடு அந்தத் தெற்கு மூலை ஆட்டத்தின் சேவ் ஃபைலையும் அனுப்பியிருக்கிறேன். டர்ன் 88. நான் உதவி அனுப்பவில்லை, அதன் பிறகு ஆடவும் இல்லை. நீ அனுப்புவாயா என்று எழுது.

உன் பழைய கூட்டாளி