ஆற்றங்கரையில் நடக்க மண்பாதை போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் பழைய நகரங்களை ஒட்டிய காட்டுப் பாதைகள், ஆற்றோரப் பாதைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஆனால் நம் ஊரில் இப்படி நடக்க எங்கே இடமிருக்கிறது என்று கட்டுரையை முடித்திருந்ததுதான் உறுத்தியது. நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், திருவானைக்காவில் குடியிருக்கிறேன். சர்க்கரை வந்த பிறகு, தினமும் முக்கால் மணி நேரம் நடந்தாக வேண்டும் என்றார் டாக்டர். கொஞ்ச நாள் பூங்காவில் எட்டுப் போட்டு நடந்து பார்த்தேன். செக்குமாட்டுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாமல் போகவே ஆற்றங்கரைக்கு மாறிக்கொண்டேன். ஒன்பது வருடம் ஆகிறது.

எங்கள் ஊர் ஒரு தீவு. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே காவிரி. கல்லணைப் பக்கம் போனால் இரண்டும் மறுபடி நெருங்கி வந்துவிடும். நடுவில் ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிற நிலத்தில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவும் இருக்கின்றன. அரங்கம் என்ற சொல்லுக்கே ஆற்றிடைக்குறை, அதாவது ஆற்றுக்கு நடுவே உள்ள தீவு, என்று ஒரு பொருள் உண்டு. ஆனைக்கா என்பதில் உள்ள 'கா' சோலை. கோயிலின் தலமரம் வெண்ணாவல். ஐம்பூதங்களில் நீருக்கான அப்புத்தலம் என்பதால் கருவறையில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். காடும் ஆறும் எங்கள் ஊர்ப் பெயர்களிலேயே இருக்கிறபோது நடக்க இடமில்லை என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கரையில் நடந்தவர்களில் ரொம்பப் பெயர் பெற்றவர்கள் கோவலனும் கண்ணகியும். புகாரிலிருந்து காவிரியின் வடகரையோரமாகக் கவுந்தியடிகள் என்ற சமணப் பெண் துறவியோடு நடந்து வந்து, அரங்கத்தில் ஓடம் ஏறித் தென்கரைக்கு வந்து உறையூர் சேர்ந்தார்கள் என்கிறது சிலப்பதிகாரம். ஒரு நாளைக்கு ஒரு காவதத்துக்கு (அந்தக் காலத்துத் தூர அளவு) மேல் நடக்கவில்லையாம். டாக்டர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார். கிளம்பும்போதே கவுந்தியடிகள் வழியில் உள்ள தொல்லைகளை எச்சரிக்கிறார். சோலை வழியாகப் போனால், கிழங்கு தோண்டிய குழிகளைச் செண்பகப் பூ உதிர்ந்து மூடியிருக்கும், கால் உள்ளே போய்விடும். பலாக்கொட்டை பரல்கல்லாகக் காலில் உறுத்தும். வயல் வழியாகப் போனாலோ, நீர்நாய் கவ்விய வாளைமீன் துள்ளி வந்து குறுக்கே விழும், இந்தப் பெண் மிரண்டுபோவாள். நாடுகாண் காதையில் இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம், எழுதியவர் சும்மா உட்கார்ந்து எழுதவில்லை, இதே கரையில் நடந்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

செண்பகமும் பலாவும் நான் நடக்கிற துண்டில் இல்லை. நீர்நாய் இருக்கிறது. போன மார்கழியில் முக்கொம்புப் பக்கம் விடிந்தும் விடியாத நேரத்தில் தண்ணீரில் நான்கு தலைகள் வரிசையாகப் போவதைப் பார்த்தேன். முதலில் நாய்க்குட்டிகள் என்றே நினைத்தேன். ஒன்று மீனோடு பாறைமேல் ஏறி, தலையிலிருந்து ஆரம்பித்து நறுக் நறுக்கென்று தின்றது. பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவரிடம் ஆசையோடு காட்டினேன். "பாக்க நல்லாத்தான் சார் இருக்கும். வலையைக் கிழிச்சிட்டுப் போகுமே, அதை யாரு தைக்கிறது?" என்றார். அவர் கஷ்டம் அவருக்கு.

மரங்களில் எனக்குப் பிடித்தது நீர்மருது. தோல் உரிந்து வெளுத்த அடிமரம், கை வைத்தால் வெயில் காலத்திலும் சில்லென்று இருக்கும். காய்க்கு நீளவாக்கில் ஐந்து சிறகு. உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கி எண்ணிப் பார்ப்பது என் பேத்திக்கு விளையாட்டு. ஒரு இடத்தில் கரை அரித்துப் போய் ஒரு மருதின் வேர் பாதிக்குமேல் வெளியே தெரிகிறது. மண்ணை அப்படியே கொத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது அந்த மரம். அதற்கு இரண்டு பக்கமும் மரமில்லாத கரை உள்வாங்கிவிட்டது, மரம் நிற்கிற இடம் மட்டும் மூக்கு மாதிரி ஆற்றுக்குள் நீண்டிருக்கிறது. கரைக்கு மரம் எதற்கு என்று கேட்கிற பொறியாளர்களை அங்கே ஒரு தடவை கூட்டிக்கொண்டு போனால் போதும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நாங்கள் வெள்ளத்துக்கு நடுவில் குடியிருப்பவர்கள். கொள்ளிடத்தின் படுகை தாழ்வு என்பதால் காவிரிக்கு வர வேண்டிய தண்ணீரும் அந்தப் பக்கமே சரிந்து போய்க்கொண்டிருந்தது. அதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன் 1836-ல் முக்கொம்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். 2018 ஆகஸ்ட் 22 இரவு அந்த அணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனதை நாங்கள் மறக்கவில்லை. அப்புறம் புதிதாகக் கட்டிவிட்டார்கள், சரி. ஆனால் கரையைப் பிடித்து நிற்கும் மரத்துக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

என் குறைக்கு வருகிறேன். நான் தினமும் நடக்கிற வழியில் முக்கால் கிலோமீட்டர் போல ஒரு துண்டை இரண்டு வருடம் முன்பு 'அழகுபடுத்தினார்கள்'. எந்த அலுவலகம் என்று சொல்லி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. மண்பாதையில் பேவர் பிளாக் பதித்தார்கள். இரும்புக் கைப்பிடி, வர்ண விளக்கு, செல்ஃபி எடுக்க ஒரு பெரிய எழுத்துப் பலகை. அதற்கு இடம் வேண்டும் என்று மூன்று புங்கமரங்களை வெட்டினார்கள். சித்திரையில் அந்த மரங்களுக்குக் கீழே பொரி கொட்டினாற்போலப் பூ கிடக்கும், மிதிக்க மனம் வராமல் ஓரமாகப் போவோம். இப்போது காலை எட்டு மணிக்கே கல் சுட ஆரம்பித்துவிடுகிறது. நடக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், வழவழவென்று இருப்பதால் ஸ்கூட்டர்கள் வந்துவிட்டன. இரண்டு தடவை நான் ஒதுங்கப் போய் அந்தக் கைப்பிடியில் இடித்துக்கொண்டேன். மனு கொடுத்தேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது.

மேலணை காப்புக்காட்டில் 2015-ல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறந்தார்கள். இரண்டு ஆறுகளுக்கும் நடுவில், நல்ல இடம், குழந்தைகளோடு அவசியம் போக வேண்டும். ஆனால் பூங்கா வேறு, பாதை வேறு. பூங்காவுக்கு டிக்கெட் உண்டு, நேரம் உண்டு, உள்ளே போய்ச் சுற்றிவிட்டு அதே வாசலில் வெளியே வர வேண்டும். பாதை என்றால் ஒரு ஊரில் கிளம்பி இன்னொரு ஊரில் டீ குடிக்க வேண்டும்.

உங்கள் கட்டுரையாளர் இங்கிலாந்தைப் புகழ்ந்திருந்தார். அங்கே அழகைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு, அதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். 1949-ல் ஒரு சட்டம் போட்டு, மக்கள் நடந்து பழகிய ஒற்றையடிப் பாதைகளையெல்லாம் அளந்து வரைபடத்தில் ஏற்றச் சொன்னார்கள். தனியார் வயலுக்கு நடுவே போனாலும் அது பொதுவழிதான், நிலத்துக்காரர் மறிக்க முடியாது. நம்மிடமும் இதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. கிராமக் கணக்கில், அ-பதிவேட்டில், வண்டிப்பாதைப் புறம்போக்கு என்றும் ஆற்றுப் புறம்போக்கு என்றும் எழுதியே வைத்திருக்கிறார்கள். அதை எடுத்து, முக்கொம்பிலிருந்து கல்லணை வரை எது பாதை, எங்கே முள்வேலி போட்டு மறித்திருக்கிறது, எங்கே மணல் அள்ளப் போன லாரி கரையை உடைத்திருக்கிறது என்று ஒரு தடவை அளந்து பார்த்தால் போதும். கோடிகள் தேவையில்லை. வண்டி நுழையாமல் இரண்டு முனையிலும் கல் நடலாம். அறுந்த இடத்தில் மருதும் நாவலும் வைக்கலாம். கிலோமீட்டருக்கு ஒரு கல், மரத்துக்குத் தமிழில் பெயர். அவ்வளவுதான். தயவுசெய்து பேவர் பிளாக் மட்டும் வேண்டாம்.

மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்கள். எங்களிடம் வர இரண்டு மூன்று நாள் ஆகும். காய்ந்த மணலில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக ஊர்ந்து வரும், நாம் மெதுவாக நடந்தால் கூடவே வரலாம். அடுத்த முறை திறக்கும்போது உங்கள் கட்டுரையாளரை அனுப்பி வையுங்கள். காலை ஐந்தரைக்கு அம்மா மண்டபம் படித்துறையில் நிற்கிறேன். ஷூ வேண்டாம், பழைய செருப்பே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவானைக்கா, திருச்சி.